சேவலுக்குக் குரல் கொடுத்தவர்

கோ ஹெங்கின் பிழைப்பு அடுத்தவர் கல்யாணங்களில் ஓடியது. சீனர் வீடோ, பர்மியர் வீடோ, முஸ்லிம் வீட்டு நிக்காஹோ, யார் கூப்பிட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். பசுந்தாங் பேட்டையில் ஐந்தாம் மாடி அறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, சிடி வட்டில் பதிந்து கொடுப்பார். நாற்பது தாண்டியும் அவருக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. அம்மா காலமானாள். தங்கை மே லின் தைவானில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அதற்குப் பிறகு அந்த அறையில் பேச்சு என்றால் திரையில் இருக்கும் மணமக்கள் பேசுவதுதான்.

2009இல் மழைக்காலம் முடிந்த சமயம், பக்கத்து ஊரான கியாக்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தலுக்குப் பின்னால் கோழிப்பண்ணை. ஒரு சேவல் நெஞ்சை நிமிர்த்தி முன்னே நடக்க, பெட்டைகள் கூட்டமாகப் பின்னால் ஓடின. சேவல் தண்ணீர்த் தொட்டியருகே நின்று கூவியது. பெட்டைகள் அத்தனையும் தலையைக் குனிந்துகொண்டன. அரசாங்க டிவி செய்தியில் தினமும் காட்டும் ராணுவத் தளபதிகளின் திறப்பு விழா அப்படியே கண்முன் நடந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்தார்.

வீட்டுக்கு வந்து, செய்தி வாசிப்பவரின் கனத்த குரலில் அவரே பேசிச் சேர்த்தார்: “மாண்புமிகு சேவல் அவர்கள் இன்று தண்ணீர்த் தொட்டியைப் பார்வையிட்டு, தேவையான அறிவுரைகளை வழங்கினார். கோழிகள் குறிப்பெடுத்துக்கொண்டன.” பேசிவிட்டுத் தானே சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

ராணுவ ஆட்சியில் ஒரு நையாண்டிக்காக வருஷக்கணக்கில் ஜெயிலுக்குப் போனவர்கள் இருந்த காலம் அது. பக்கத்துக் கடைகள் வேண்டாமென்று தின்கன்ஜூன் பேட்டை வரை பஸ்ஸில் போய், ஊ செய்ன் என்ற பெரியவரின் இன்டர்நெட் கடையில் மத்தியானம் முழுக்கக் காத்திருந்து படத்தை இணையத்தில் ஏற்றினார். பேர் போடவில்லை.

மாசம் திரும்புவதற்குள் அது வட்டு வட்டாக ஊருக்குள் வந்துவிட்டது. கீழே டீக்கடை வைத்திருந்த அப்துல் சமது அவர் காதருகே குனிந்தார்.

“கோ ஹெங், சேவல் படம் பாத்தீங்களா?”

“இல்லையே.”

“படம் எடுக்கிற ஆளு நீங்க, பாக்கலையா!” சமது தோளில் கிடந்த துண்டை விரித்து, நெஞ்சைத் தூக்கி நடந்து காட்டினார். “கோழிங்க எல்லாம் அறிவுரையைக் கொத்தித் தின்னுச்சாம்!”

அந்த வரி படத்தில் கிடையாது. ஊர் சேர்த்தது. தான் எழுதியதைவிட நன்றாயிருக்கிறதே என்று ஹெங்குக்குப் பட்டது. அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. முதல்தடவை கேட்பவர்போலச் சிரித்துவைத்தார்.

அடுத்த வாரம் தின்கன்ஜூன் பக்கம் போனால், கடை பூட்டிக் கிடந்தது. ஊ செய்னை விசாரணைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்றாள் பக்கத்தில் பழம் விற்றவள்.  ஏற்றியது தான்தான் என்று போய் ஒப்புக்கொண்டுவிடலாமா என்று ஹெங் தெருமுனை வரை நடப்பார், திரும்பிவிடுவார்.

ஒருவழியாக ஊ செய்னை விட்டார்கள். ஆள் இளைத்திருந்தார். ஹெங் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நின்றார்.

“யார் ஏத்தினான்னு கேட்டாங்க. எத்தனையோ பேர் வர்றாங்க, எனக்கென்ன தெரியும்னேன்,” என்றார் ஊ செய்ன். “அந்தப் படத்தைப் போட்டுக் காட்டித்தான் கேட்டாங்க. நான் உதட்டைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்ட அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. தோள் குலுங்குச்சு.”

சொல்லிவிட்டு ஹெங்கின் முகத்தையே பார்த்தார். பிறகு ஒரு பழத்தை உரித்தபடி, “இனிமே இந்தப் பக்கம் வராதீங்க, தம்பி,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தெருவிலிருந்து கூப்பிடுவதற்காக மாடியிலிருந்து தொங்கவிட்ட மணிக்கயிற்றை யாரோ கீழேயிருந்து இழுத்தார்கள். சமதுதான். “தைவான்லேருந்து போன்!”

டீக்கடை நிறைய ஆட்கள். ஹெங் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார்.

“அண்ணே,” என்றாள் மே லின். “இங்க நம்ம ஊர்க்காரங்க எல்லாம் ஒரு படத்தைப் பாத்துச் சிரிக்கிறாங்க. சேவல் ஒண்ணு வரும். அதுல பேசுற குரல்...”

“நான் பாக்கலை,” என்றார் அவசரமாக.

 

“சரி, நீ பாக்கலை,” என்றாள் மெதுவாக. “நான் பாத்தேன். அம்மா இருந்தா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சிருக்கும்.”

 “உம்,” என்றார்.

“வேளைக்குச் சாப்பிடு, அண்ணே.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். தங்கை வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார் சமது. ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டாள் என்று சொல்லிவிட்டு, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு மாடியேறினார். கியாக்தான் கல்யாணப் படம் இன்னும் பாக்கியிருந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் எங்கே என்று கேட்டுக் கல்யாண வீட்டார் இரண்டு தடவை ஆளனுப்பிவிட்டார்கள்.