ஒருவர் நிற்க இடம்

பாதுகாப்பு அங்கியை எப்படிக் கழற்றுவது என்று காட்டிக்கொண்டிருந்தேன். அணிவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம், முதலில் வெளிக் கையுறை, அதன்பிறகு என்று சொல்லும்போது மூச்சு தீர்ந்துவிட்டது. வசனத்தில் பாதி இன்னும் மீதம் இருந்தது. இருமல் இல்லை, காய்ச்சலும் இல்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னேன். எதிரே நின்ற தாதியர்களில் சிவமதி மட்டும் என்னை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் இருங்கோ" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியர்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் இந்தப் பதவியில் உள்ளவரை 'சிஸ்டர்' என்பார்கள். யார் எந்த வாட்டில் வேலை, கட்டில்களை எப்படிப் போடுவது, ஒட்சிசன் சிலிண்டர் எங்கே நிற்கவேண்டும், அழுக்குத் துணி எந்த வாசலால் வெளியேறவேண்டும் என்பதெல்லாம் சிஸ்டரின் பொறுப்பு. கொரோனா எங்கள் பகுதிக்கு வருமுன்பே அதற்கென்று ஒரு வாட்டை ஆயத்தம் செய்திருந்தோம். வளாகத்தின் ஓரத்தில் பாவனையில்லாமல் கிடந்த கட்டடம் அது. நோயாளர் உள்ளே வர ஒரு வாசல், நாங்கள் போய்வர இன்னொரு வாசல். கட்டில்களைத் தள்ளித் தள்ளிப் போட்டு, நடுவில் தடித்த மறைப்புகள் வைத்தோம்.

நெருக்கடியில் ஆஸ்பத்திரி நடத்துவது எங்கள் வன்னிக்குப் புதிதல்ல. யுத்த காலத்தில் பள்ளிக்கூடத்திலும் நடத்தியிருக்கிறோம், மரத்தடியிலும் நடத்தியிருக்கிறோம். ஆனால் அப்போது காயப்பட்டவரின் பக்கத்தில் அவருடைய ஆட்கள் இருந்தார்கள். சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை எப்போதும் கிடைத்தது. இந்த நோயில் முதல் விதியே ஒருவரும் கிட்ட வரக்கூடாது என்பதுதான்.

எனக்கு மூச்சு தீர்ந்த அன்று மாலைக்குள் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் கொரோனா உறுதியாயிற்று. அடுத்த சில நாட்களில் எக்ஸ்றேயில் இரண்டு நுரையீரலிலும் நியூமோனியா (நுரையீரல் அழற்சி) தெரிந்தது. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் இரத்தத்தின் ஒட்சிசன் அளவு இறங்கிக்கொண்டே போனது. பொறுப்பு வைத்தியர் என்னைவிட வயதில் மிகவும் இளையவர். "சிஸ்டர், இனி நீங்கள் நோயாளி. வேலையைப் பற்றி ஒரு கதையும் வேண்டாம்" என்றார்.

நான் ஆயத்தம் செய்த வாட்டிலேயே எனக்கும் ஒரு கட்டில் கிடைத்தது.

அந்த வாட்டை நான் எப்போதும் நின்றுகொண்டே பார்த்திருந்தேன். படுத்துப் பார்த்தபோது அது வேறு இடமாக இருந்தது. இடப்பக்கம் மறைப்பு, வலப்பக்கம் மறைப்பு, மேலே மின்விசிறி. அங்கியும் முகக்கவசமும் கண்ணாடியும் போட்டு வரும் உருவங்களில் யார் என் தாதி, யார் வைத்தியர் என்று எனக்கே பிடிபடவில்லை. யாரோ ஊசி போட்டார்கள், யாரோ தண்ணீர் பருக்கினார்கள். நோய் பரவாமலிருக்க அத்தனையும் சரியான ஏற்பாடுதான். அதற்குள் கிடந்தபோது பயமாக இருந்தது.

வலப்பக்க மறைப்புக்கு அப்பால் றஹ்மத் நிசா என்ற அம்மா இருந்தார். முல்லைத்தீவு ரவுணில் கணவரோடு புடைவைக்கடை வைத்திருப்பவர். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது போய், பல வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, ஊர் திரும்பி, மறுபடியும் முதலில் இருந்து தொடங்கியவர்கள். நாங்கள் இருவரும் முகம் பார்க்காமலே கதைத்தோம். மூச்சு இருக்கும்போது ஒரு சொல், பிறகு கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொல்.

"சிஸ்டர், இந்த வாட்டை நீங்கள்தானாம் ஒழுங்குபடுத்தினது?"

"ஓம் அக்கா."

"எல்லாம் வடிவாத்தான் செய்திருக்கிறியள். ஒரு ஆள் வந்து நிக்கிறதுக்கு மட்டும் இடம் விடேல்லை."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அலுமாரி வாங்கிய வீட்டில், கதவு திறக்க இடம் போதாது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அவருடைய கணவர் சலீம் தினமும் கஞ்சியோடு வந்து வாசலில் கொடுத்துவிட்டு, வெயில் சாயும்வரை கேற்றுக்கு வெளியே நிற்பார் என்று சிவமதி சொல்லியிருந்தாள். என் கணவரும் அங்கேதான் நின்றிருக்கிறார். இருவரும் ஒரே மர நிழலில்.

றஹ்மத் அக்காவுக்கு நோய் கூடிக்கொண்டு போனது. பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைக் கட்டில் கேட்டார்கள், எங்கும் இல்லை. ஒருநாள் காலை அவருடைய மூச்சுச் சத்தம் மாறியது. எத்தனையோ வருடமாக நான் கேட்டுப் பழகிய சத்தம். இனி அதிக நேரம் இல்லை என்று மறைப்புக்கு இந்தப் பக்கம் இருந்தே தெரிந்தது.

சிவமதியைக் கூப்பிட்டேன்.

"வெளியில நிக்கிற சலீம் அண்ணைக்கு அங்கி போட்டு உள்ளுக்குக் கூட்டிவா."

"அக்கா, ஒருத்தரையும் விடக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம், நான்தான் சொன்னனான். இப்பவும் நான்தான் சொல்லுறன். டொக்டரிட்டக் கேள்."

வைத்தியர் வந்து என் கட்டிலடியில் நின்றார். "அந்த மனுசனுக்கும் வருத்தம் தொத்தினால், சிஸ்டர்?" என்றார். அவர் மறைப்புக்கு அப்பால் போய் றஹ்மத் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தார். "கொஞ்ச நேரம். தொடக்கூடாது" என்றார்.

சலீம் அண்ணை உள்ளே வந்ததை நான் பார்க்கவில்லை. காலடி கேட்டது. பிறகு றஹ்மத் அக்காவின் குரல், ஒவ்வொரு சொல்லாக: "இதென்ன கோலம்? சாப்பிட்டனீங்களோ? கடையை ஆர் பாக்கிறது?"

"பூட்டிப்போட்டு வந்தனான்."

"பெருநாள் நேரம் ஆராவது பூட்டுவினமோ?"

அவர் ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. தொடக்கூடாது என்பதை அவர் கடைப்பிடித்தாரா என்று சிவமதியிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் மதியம் றஹ்மத் அக்கா இறந்துபோனார். அப்போதிருந்த விதிப்படி அவருடைய உடல், கொரோனாவில் இறப்பவர்களுக்கென்று தொலைவில் கிழக்கில் ஒதுக்கியிருந்த நிலத்துக்கு அடக்கம் செய்யக் கொண்டுபோகப்பட்டது. தன் ஊர் மண்ணுக்காக அத்தனை வருடம் காத்திருந்து திரும்பி வந்தவர் அவர்.

சில நாட்களில் சலீம் அண்ணைக்கும் நோய் வந்தது. எங்கள் வாட்டில் வந்ததா, கேற்றடியில் வந்ததா, ஏற்கெனவே வீட்டில் மனைவியிடமிருந்து வந்திருந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. அவர் தப்பிவிட்டார். தப்பியிருக்காவிட்டால் நான் இதை எழுதியிருப்பேனா தெரியாது.

நானும் எழும்பினேன். விசுவமடுவில் உள்ள என் வீட்டுக்கு வந்த பிறகுதான் நோயின் இரண்டாம் பாகம் தொடங்கியது. இதை வாசிப்பவர்களில் இதே நிலையில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லவேண்டும். கொடுத்த ஸ்டீரொயிட் (அழற்சியைக் குறைக்கும் மருந்து) சீனி வருத்தத்தை (நீரிழிவை) கொண்டுவந்தது. தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது. கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இழுத்துவிட்டு அதன் சுற்றுக்கட்டின் மேலேயே குந்தியிருந்தேன். நுரையீரலில் பைப்ரோசிஸ் (ஆறிய இடத்தில் விழும் தழும்பு) இருக்கிறது, அது முழுதாக மறையாது என்றார்கள். என் கணவர் குசினியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். நான் ஒன்றும் சொல்வதில்லை. "இண்டைக்கு எப்படி?" என்று தினமும் கேட்பார். "நேற்றைப்போல" என்பேன். நேற்றைவிடத் தேவலை என்று சொல்ல முடிந்த நாள் வரப் பல மாதம் பிடித்தது. அவசரப்படாதீர்கள். பழைய உடம்போடு இதை ஒப்பிடாதீர்கள்.

நடக்க முடிந்ததும் சலீம் அண்ணையின் கடைக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் எழும்பிக் கதிரை தந்தார். நான் தொடங்குமுன் அவரே தொடங்கினார்.

"வருத்தம் எங்க வந்தால் என்ன, சிஸ்டர். கடையைப் பூட்டினதுக்கு அவா அண்டைக்கு என்னை நல்லாப் பேசினா. பேசிப்போட்டுத்தான் போனவா. எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அடுத்த பெருந்தொற்றுக்கான ஆயத்தத் திட்டம் பற்றி இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் கூடிக் கதைக்கிறோம். நோயாளி ஒருவருக்கு உறவினர் ஒருவர், அவருக்கு அங்கி, அதைப் போடவும் கழற்றவும் பழக்க ஒரு தாதி வேண்டும் என்றேன். ஓர் இளம் தாதி எழும்பினாள்.

"போனமுறை எங்களுக்கே அங்கி போதாமல் மழை அங்கியோட நிண்டனாங்கள், சிஸ்டர்."

அவள் சொன்னது உண்மை. அவளுடைய தாய் அந்த வருடத்தில்தான் இறந்துபோனார் என்பதும் எனக்குத் தெரியும். கடைசியில், சாகப்போகிறவர்களுக்கு மட்டும் ஒருவரை விடலாம் என்று முடிவாயிற்று. யார் சாகப்போகிறவர் என்பதைப் பொறுப்புத் தாதி சொல்லவேண்டும். அதை எப்படி ஒரு பிள்ளைக்குப் பழக்குவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முன்பு வாட்டுகளுக்கு நான் முன்னால் போவேன், மற்றவர்கள் பின்னால் ஓடி வருவார்கள். இப்போது எனக்காக மெதுவாக நடக்கிறார்கள், அப்படி நடக்காததுபோல் காட்டிக்கொள்கிறார்கள். மதியம் ஓய்வறையில் கொஞ்ச நேரம் சரிந்து படுப்பேன். கண்ணை மூடியதும் என் மூச்சு கேட்கும். அது என்னுடையது என்று முன்பு நினைத்ததே இல்லை, அது தன்பாட்டில் போய்வந்தது. இப்போது வேறு யாரோ ஒருவருடையதைக் கேட்பதுபோல் கேட்கிறேன். ஒன்று உள்ளே போகிறது. அது திரும்பி வரும்வரை காத்திருக்கிறேன். வந்ததும், அடுத்ததற்கு.