ஊரே கெட்டுப்போன வாரம்

இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். எத்தனை மணிக்கு எழுந்தேன், எந்த ரயில், என்ன சமைத்தேன், வேலையில் என்ன நடந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். விஷயம் மிஞ்சினால் எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்வேனே தவிர அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமைப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "5.10க்கு எழுந்தேன். ரயில் நான்கு நிமிடம் தாமதம். வேன் வேகத்தடையில் தூக்கிப்போட்டது. தலை மேல்கம்பியில் இடித்தது. லேசான வீக்கம். ரத்தம் இல்லை. 8.30க்கு வேலையில் இருந்தேன்."

எங்கள் வீடு பொன்னேரியில். கும்மிடிப்பூண்டி வரை ரயில், அங்கிருந்து தேர்வாய் கண்டிகைக்கு கம்பெனி வேன். கார்களுக்கான சிறு பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. அதில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையில் எனக்கு வேலை. இரும்புச் சுருள் ஏற்றிய லாரிகள் ஓடி ஓடி அந்தச் சாலை பாழாகிக் கிடக்கும். வேகத்தடைக்குப் பெயின்ட் அடித்திருக்கவில்லை. நான் கடைசி இருக்கையில் இருந்தேன். இடித்த கணம் நினைவில் இருக்கிறது. அதற்கு அடுத்த கணம் இல்லை. சாப்பாட்டுப் பை காலடியில் கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த பேக்கிங் பிரிவுப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாக்கா, வேன் கூரைய அளந்து பாத்தியா?"

நானும் சிரித்தேன். இதை நாட்குறிப்பில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதமும் எனக்குக் கோபத்தின் மாதங்கள். அப்போது அது கோபம் என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் தவறு செய்தார்கள், நான் சொன்னேன், அவ்வளவுதான். வேன் டிரைவரைத் திட்டினேன். என் கணவர் இரும்பு உருட்டாலையில் கிரேன் ஓட்டுகிறவர், நாளெல்லாம் இரைச்சலில் இருந்துவிட்டு வந்து வீட்டில் மெதுவாகப் பேசுகிறவர். அவர் முன்னால் டம்ளரை வீசினேன். இரவில் மூன்று மணி நேரத் தூக்கம்கூட வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது "சல்லடை" போன்ற சாதாரண வார்த்தைகள் வாய்க்கு வராமல் நின்றுவிடும். அதற்கும் எதிரில் நிற்பவர்மீதுதான் எரிச்சல் வரும்.

எனக்கு நாற்பத்தேழு வயது. ஆகவே எல்லோரிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

"அந்த வயசுக்கா" என்றாள் பேக்கிங் பெண். "எங்க நாத்தனாரு புருசன கல்லால அடிச்சா. ரெண்டு வருசம். அப்பால தானா அடங்கிட்டா. அந்தாளு இன்னும் நல்லாத்தான் கீறாரு."

எனக்கும் அது சரியாகவே பட்டது. மாதவிடாய் தள்ளிப்போன நாட்களைத் தனியாகக் குறித்து வைத்திருந்தேன். கணக்கு பொருந்தியது. கணவரிடமும் அதையே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. மகளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம். சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு தோழியோடு ஸ்பீக்கரில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் குறை என்றேன்.

"ஒரு நிமிஷம்மா."

கரண்டியால் அடித்தேன். முதல் அடி அவள் இடது காதில் பட்டது. சாம்பார் கன்னத்தில் சுட்டது. அதோடு நிறுத்தவில்லை. இரண்டாவது அடி அவள் கையில் பட்டது. அதற்குள் அவள் கையைத் தூக்கி மறைத்துக்கொண்டிருந்தாள். போன் கீழே கிடந்தது. அதிலிருந்து அந்தத் தோழி, "ஏய், இன்னாடி ஆச்சி? ஏய்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்கு முன் அவளை ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறேன். அவளுக்கு ஏழு வயது, ரயில் வரும்போது தண்டவாளத்தைத் தாண்டி ஓடியதற்காக.

அன்றைய பக்கத்தில் நான் எழுதியது: "மகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கண்டித்தேன்."

மறுநாள் காலை என் கணவர் அவளை சோழவரத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார். "நாலு நாள் அங்க இருக்கட்டும்மே" என்றார். அவள் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். வாசலிலிருந்தே சொன்னாள், உள்ளே வரவில்லை. நாலு நாள் பத்து நாளானது. அவள் திரும்பி வருவாளா என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. போன் செய்தால் எடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவளாக ஒன்றும் கேட்கவில்லை.

பொன்னேரியில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். மாதவிடாய் நிற்கும் வயதுக்கென்று மாத்திரை வாங்கிக்கொண்டு, சரியாகிவிட்டது என்று மகளிடம் சொல்லி அழைத்து வருவதுதான் என் திட்டம்.

"எப்பலேருந்து இப்படி இருக்கு? தோராயமா சொன்னா போதும்" என்றார் மருத்துவர்.

தோராயமாகச் சொல் என்று யாராவது கேட்டால் எனக்குப் பிடிக்காது. தேதியைச் சரியாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். காலை பத்து மணிக்கு நாட்குறிப்பையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே கோபப்பட்டேனோ அங்கே ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கலாம் என்று நினைத்தேன். கோபப்பட்டதாக எந்தப் பக்கத்திலும் நான் எழுதியிருக்கவில்லை. ஆகவே பிறரைப் பற்றிய குறைகளுக்குப் புள்ளி வைத்தேன்.

சித்திரையில் இரண்டு புள்ளி, வைகாசியில் மூன்று. பிறகு வேனில் தலை இடித்த அந்த வியாழன். அன்று இரவே "டியூப்லைட் கண்ணைக் குத்துகிறது, மாற்றச் சொல்ல வேண்டும்" என்று இருந்தது. வெள்ளியன்று வேன் டிரைவர் வேண்டுமென்றே பாட்டைச் சத்தமாக வைத்திருக்கிறார். சனிக்கிழமை பால்காரருக்கு மரியாதை தெரியவில்லை. ஞாயிறு, மகள் தட்டுகளை டமால் டமாலென்று வைக்கிறாள். செவ்வாய், கணவர் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டு உயிரை வாங்குகிறார். முதல் இரண்டு முறையும் நான் பதில் சொல்லியிருக்கமாட்டேன் என்பது இப்போது தோன்றியது. ஒரு பக்கத்திலும் புள்ளி இல்லாமல் இல்லை. ஒரே வாரத்தில் ஊரில் இருந்த எல்லோரும் கெட்டுப்போயிருந்தார்கள். நான் ஒருத்திதான் மாறாமல் இருந்தேன், என் கையெழுத்தில்.

கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் காட்டினேன். பொறுமையாகக் கடைசிவரை படித்தார்.

"உன் ரூம்ல எந்தக் கருவி கீழ வுந்தாலும், பாக்க நல்லாருந்தாலும், செவப்பு சீட்டு கட்டி செக் பண்ற வரைக்கும் ஓரமா வச்சிடுவேன்னு சொல்லுவியே" என்றார். "உனுக்கு யாரும் கட்டலியேம்மே."

பெண் மருத்துவர் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, சென்னைக்கு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் என்னைவிடச் சின்னப் பெண். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லையென்றால் செய்ததெல்லாம் நான்தான்.

"ஒரு சொம்புல கெட்டித் தயிர வச்சுக் குலுக்குனா சொம்புக்கு ஒண்ணும் ஆகாது இல்லையாம்மா? ஸ்கேன்ல தெரியறது சொம்பு மாதிரி. உள்ள இழை இழையா இருக்கிற தொடர்பு இழுபட்டிருந்தா இதுல தெரியாது. கோபம் கிளம்புறது ஒரு இடம். வேணாம்னு பிடிச்சு நிறுத்துறது நெத்திக்குப் பின்னாடி இன்னொரு இடம். அது சொல்றது போய்ச் சேர்றதுக்குள்ள கை முந்திடும்."

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும் என்றார். தூக்கத்துக்கு மாத்திரை, சத்தத்திலிருந்து ஓய்வு, வாரம் ஒரு முறை ஆலோசகர். வயதும் சேர்ந்திருக்கலாம் என்றும் சொன்னார். நான் கேட்க வந்ததைக் கேட்டேன். கரண்டியால் அடித்ததில் தலையில் பட்ட அடிக்கு எவ்வளவு பங்கு, வயதுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு?

"அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா."

"சுமாரா?"

அவர் முடியாது என்று தலையசைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சுமாராகவாவது ஒரு பதில் போதும் என்று கேட்டேன். அதுவும் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். நாட்குறிப்பு எழுதுவது நல்லதுதான், ஆனால் கோபத்தை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம், வீட்டுக்காரர் எழுதட்டும். கணவர் தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். நான் படிக்கலாம், திருத்தக்கூடாது என்பது ஒப்பந்தம். "இன்னிக்கி ரெண்டு தபா. ஒண்ணு ஞாயம்." "ஒரு தபா, எம்மேல. பொறுத்துக்கினேன்." "பக்கத்தூட்டு மிக்சி. எழுந்து வெளிய போய்ட்டா." கார்த்திகை பிறந்தபோது வெறும் தாள்களாக வர ஆரம்பித்தன. டியூப்லைட்டைக் கண் பொறுத்துக்கொண்டது. சல்லடை சல்லடையாகவே வாய்க்கு வந்தது.

வெறும் தாள் இருபது சேர்ந்த பிறகு, இன்னும் அத்தை வீட்டிலேயே இருந்த மகளை வரச்சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மீன் குழம்பு வைத்திருந்தேன். நன்றாகச் சாப்பிட்டாள், அத்தை வீட்டு நாயைப் பற்றிச் சொல்லி அப்பாவைச் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன். காலண்டர் தாள்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, "அப்பா கையெழுத்து படிக்கவே முடியல" என்றாள். எல்லாம் கூடிவந்ததாக எனக்குத் தோன்றியது.

அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே அலமாரி. முறுக்கு டப்பாவை எடுக்கக் கையை உயர்த்தினேன். அவள் சட்டென்று குனிந்து இடது காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

மூன்று பேரும் பார்த்தோம். அவர் எழுந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

"சும்மாதாம்மா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "நீ வேணும்னு பண்ணலன்னு தெரியும்மா. தலைல அடிபட்டுக்கினதாலதான்னு அப்பா சொன்னாரு. எனுக்கு உம்மேல கோவம்லாம் இல்ல. ஆனா நீ கைய தூக்குனா, நீதான்னு எனுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே இப்டி ஆயிடுது. நான் இன்னா பண்ணட்டும்?"

அவளுக்கு ஸ்கேன் எடுத்தாலும் அதில் ஒன்றும் தெரியாது.

"செமஸ்டர் முடியற வரைக்கும் அத்தை ஊட்லயே இருந்துக்கறேன்" என்றாள். "புக்குங்க மட்டும் வேணும்."

அவள் சொன்ன ஆறு புத்தகங்களையும் தேடி எடுத்தேன். அட்டை கிழிந்திருந்த ஒன்றை ஒட்டினேன். ஒரே பையில் வைத்தால் பேருந்தில் ஏறும்போது கனக்கும் என்று மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு பைகளில் அடுக்கினேன். பைகளை அவள் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பேருந்து நிறுத்தம் வரை வரட்டுமா என்று கேட்டேன்.

"அப்பா வராரும்மா" என்றாள்.