கூலிங் மெஷினை நிறுத்தச் சொன்ன மதியம்

சாத்தூருக்கு வடக்கே, நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். நான்கு வழிச்சாலை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தோண்டிப்போட்ட மண் நாள் முழுக்கப் பறந்து வந்து கண்ணிலும் பல்லிலும் ஒட்டும். சேலைக்கு மேலே போட்டுக்கொள்ள ஒரு நீலச் சட்டை கொடுத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு டீசல் பம்பின் முன்னால் நின்றால் சாயங்காலம் வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. இடையில் வண்டி வராத ஐந்து நிமிடம் கிடைத்தால் பம்பின் மேடையில் குத்தவைத்துக்கொள்வேன்.

அதற்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருந்தோம். நான் வெடிக்குக் காகிதக் குழாய் ஒட்டும் வேலை. அவர் வெடிமருந்து கலக்குகிறவர். தீபாவளி சீசன் நெருக்கத்தில் ஒருநாள் அவர் இருந்த அறை தீப்பிடித்துக்கொண்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கைகளும் வெந்து, ஆறும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. சட்டைப் பொத்தான் போட முடியாது, சோறு பிசைய முடியாது. அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. மருந்து வாடை பட்டாலே குமட்டியது. டீசல் வாடை மட்டும் பரவாயில்லையா என்று கேட்டவர்கள் உண்டு. பரவாயில்லாமல்தான் இருந்தது.

காலையில் எழுந்து அவரைக் குளிக்க வைத்து, சட்டை மாட்டி, சாப்பாடு ஊட்டிவிட்டு, மத்தியானத்துக்குக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிற மாதிரி குழையப் பிசைந்து மூடிவைத்துவிட்டு பஸ் ஏறுவேன். பங்க்குக்கு வந்து சேரும்போதே பாதி நாள் முடிந்த அலுப்பு இருக்கும்.

வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கூலிங் வண்டி வரும். தூத்துக்குடியில் இறாலும் மீனும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் போகிற வண்டி. டிரைவருக்கு வீடு கோவில்பட்டியில். வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுப் போவதற்காக இந்த வழியாக வருவார். ஐம்பது வயதிருக்கும். வண்டியின் பின்னால் பெரிய வெள்ளைப் பெட்டி, பெட்டியின் நெற்றியில் குளிரூட்டுகிற மெஷின். அதற்கென்று தனியாக ஒரு டீசல் எஞ்சின், பெட்டிக்கு அடியில் தனியாக ஒரு டேங்க். லாரி எஞ்சினை அணைத்தாலும் அது மட்டும் மேலே தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு டேங்கிலும் டீசல் ஊற்ற வேண்டும்.

ஊற்றும்போது எல்லா எஞ்சினும் அணைந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் அவரிடம் சொல்வேன்.

"அண்ணாச்சி, மேல உள்ள மெஷினையும் நிறுத்துங்க."

"டீசல்தான தாயி. பெட்ரோல் மாதிரி டக்குன்னா பத்திரும்? அத நிறுத்துனா திரும்ப ஸ்டார்ட் எடுக்குறது பெரும்பாடு. நீ ஊத்து."

நான் ஊற்றிவிடுவேன். வரிசையில் பின்னால் நாலு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொருவரோடும் மல்லுக்கு நிற்கத் தெம்பில்லை.

அன்று ஆடி வெள்ளி. இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகிற வண்டிகள் காலையிலிருந்தே நெருக்கியடித்தன. மதியம் அந்தக் கூலிங் வண்டி வந்து நின்றபோது, பக்கத்துப் பம்பில் ஒரு வேனுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வேனுக்குள் மஞ்சள் சேலை கட்டிய பெண்கள், மடியில் பிள்ளைகள். நான் குழாயை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு அடியில் இருந்த டேங்க்கின் மூடியைத் திறந்தேன். மேலே மெஷின் ஒருமுறை இருமியது. புகைக்குழாயிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. புகையோடு ஒரு பொறி வந்து காற்றிலேயே அணைந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

மூடியைத் திரும்பப் போட்டேன். குழாயைப் பம்பில் மாட்டினேன்.

"மெஷின நிறுத்துங்க. நிறுத்தாம ஊத்த மாட்டேன்."

"என்ன தாயி புதுசா?"

"பொறி வந்துச்சு அண்ணாச்சி. நான் பார்த்தேன். அங்கன பெட்ரோல் ஊத்துறாக, பிள்ளைக உக்காந்திருக்கு."

"ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டார் சரியில்ல தாயி. நிறுத்துனா எடுக்காதுன்னு சொல்லுதேன்லா. உள்ள அம்புட்டும் இறாலு."

தப்பிப்பதற்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பின்னால் ஹாரன் சத்தம் கூடியது. மேனேஜர் பாய் அறையை விட்டு வெளியே வந்தார். விருதுநகர்க்காரர், அதட்டிப் பேசாத மனிதர், எந்நேரமும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

"என்னம்மா, எப்பவும் ஊத்துறதுதான? ஊத்தி அனுப்பும்மா. வரிசை ரோடு வரைக்கும் நிக்குது."

"நீங்க வேணா ஊத்துங்க பாய். நான் ஊத்தல."

அவர் என்னைப் பார்த்தார். மேலே ஓடுகிற மெஷினைப் பார்த்தார். குழாயை எடுக்கவில்லை. டிரைவர் பெருமூச்சு விட்டபடி ஏறிப்போய் மெஷினை அணைத்தார். அந்தத் தடதடப்பு நின்றதும் பங்க்கே அமைதியானதுபோல் இருந்தது. இரண்டு டேங்கையும் நிரப்பினேன்.

பிறகு மெஷின் எடுக்கவில்லை. டிரைவர் ஐந்தாறு தடவை முயன்றார். டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. லாரியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, லாரி பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் அதே டிக் டிக். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பெட்டியின் முன்பக்கம் இருந்த, உள்ளே உள்ள குளிரைக் காட்டும் டிகிரி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பாய் சாத்தூருக்குப் போன் போட்டு ஆட்டோ எலக்ட்ரீசியனை வரச்சொன்னார். கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் மாட்டிக்கொண்ட அவர் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெயில் பெட்டியின் மேற்குப் பக்கத்தில் அப்பிக்கொண்டு அடித்தது. நான் பாயிடம் கேட்டு, கிடங்கில் கிடந்த சாக்குகளை எடுத்து வந்தேன். டிரைவர் மேலே ஏறி அவற்றைக் கயிற்றில் கட்டி வெயில் படுகிற பக்கம் தொங்கவிட்டார். நான் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். தண்ணீர் கிடைப்பதே அரிதான பங்க் அது. பாய் தடுக்கவில்லை. என் பம்பில் அவரே போய் நின்றுகொண்டார். சாக்கு நனைந்த பத்தாவது நிமிடம் காய்ந்துவிடும். மறுபடி குடம். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது.

"கதவத் திறக்காத வரைக்கும் தாங்கும் தாயி," என்றார் டிரைவர், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. "நாலு மணி நேரம் தாங்கும்."

"நீங்க நெசமாத்தான் சொன்னீகளா? செல்ஃப் சரியில்லைன்னு?"

"பொய்யா சொல்லுவேன்? கம்பெனில ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். அடுத்த லோடு முடியட்டும், மாத்தலாம்னு சொல்லுவாக. அடுத்த லோடு எப்ப முடிஞ்சிருக்கு?"

எலக்ட்ரீசியன் வந்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, உள்ளே தேய்ந்ததைத் தட்டிச் சுத்தம் செய்து மாட்டினார். மெஷின் மறுபடி ஓடும்போது மூன்று மணி நேரம் போயிருந்தது. முள் எவ்வளவு ஏறியிருந்தது என்று நான் கேட்கவில்லை. டிரைவரும் சொல்லவில்லை. "வாரேன் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரருக்குச் சோறு ஊட்டும்போது நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வாய் வாங்கி மென்றார்.

"நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டேன்.

"தப்பில்ல. ஆனா அந்த ஆளயும் நெனச்சிப் பாரு. என் கை வெந்த அன்னைக்கு மருந்துக் கலவை சூடாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். லாரி வந்து நிக்குது, இந்த ஒரு தடவைன்னு போர்மேன் சொன்னாரு, நானும் கையப் போட்டேன். அப்ப நீ வந்து நிறுத்துன்னு சொல்லிருந்தா, ஒன்கிட்ட சண்டைதான் போட்டிருப்பேன்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் இதை அதுவரை என்னிடம் சொன்னதில்லை. நான் அடுத்த வாய்ச் சோற்றை உருட்டினேன்.

அடுத்த வாரம் வண்டி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தூரத்தில் வெள்ளைப் பெட்டி தெரிந்தாலே எட்டிப் பார்ப்பேன். என்னால் ஒரு ஆளுடைய வேலை போய்விட்டதோ என்று படுக்கும்போதெல்லாம் தோன்றும். வேலை போன ஆள் வீட்டில் ஒன்று போதாதா.

மூன்றாவது வாரம் வந்தார். லாரியை ஓரமாக விட்டுவிட்டு என் பம்புக்கு நடந்தே வந்தார்.

"பெங்களூர்ல சரக்கு எறக்குற எடத்துல ஒருநா பூராவும் நிக்க வச்சிட்டாக. ஒவ்வொரு பெட்டியா ஒடச்சிப் பார்த்தாக. இறாலுக்கு ஒண்ணும் ஆகல, எறக்கிக்கிட்டாக. அப்புறம்தான் கம்பெனில செல்ஃப் மாத்திக் குடுத்தாக. வண்டி ஒர்க் ஷாப் செட்டுல கெடந்துச்சு, அதான் வரல."

"இன்னைக்கு நிறுத்துவீகளா?"

"ஒன் பங்க்ல நிறுத்துவேன். வழியில உள்ள எல்லா பங்க்லயும் நிறுத்துவேன்னு பொய் சொல்ல மாட்டேன் தாயி. யாரும் கேக்குறதில்ல."

அதன் பிறகு பாய் ஒரு ஏற்பாடு செய்தார். கூலிங் வண்டி எது வந்தாலும் பெட்ரோல் பம்புகளை விட்டுத் தள்ளி இருந்த கடைசிப் பம்புக்கு அனுப்பச் சொன்னார். அந்தப் பம்பில் என்னையே நிற்க வைத்தார். கழிப்பறைக்கு ரொம்ப தூரம், நிழலும் கிடையாது. நான் முதலில் "செல்ஃப் நல்லா இருக்கா?" என்று கேட்பேன். நல்லா இருக்கு என்றால் நிறுத்தச் சொல்வேன். இல்லை என்று ஒத்துக்கொள்கிறவர்களிடம், மெக்கானிக்கை வரவழைத்துவிட்டு அப்புறம் நிறுத்துங்கள் என்பேன். சிலர் கேட்டார்கள். சிலர் என்னை ஏசிவிட்டு அடுத்த பங்க்குக்குப் போனார்கள். ஏச்சு வாங்கிய நாட்களில் கால் கூடுதலாக வலித்தது.

அந்தப் பம்பில் நான் நின்ற வரைக்கும் ஒரு தீயும் பிடிக்கவில்லை. நான் நிறுத்தச் சொன்னதால்தான் பிடிக்கவில்லையா, சொல்லாவிட்டாலும் பிடித்திருக்காதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கூலிங் வண்டி வந்தால் எழுந்து போய், செல்ஃப் நல்லா இருக்கா என்று கேட்பேன்.