மூன்றாம் தூணுக்குக் கீழே நீலம்

தரைக்குள் மின்சாரம் செலுத்தி, மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படம் எடுப்பது என் வேலை. இரும்புக் கம்பிகளை வரிசையாக ஆற்றுமணலில் அடித்து, ஒயரால் இணைத்து, அளக்கும் பெட்டியை ஓடவிட்டால் லேப்டாப்பில் வண்ணப் படம் வரும். மின்சாரம் போக மறுக்கும் இடம் சிவப்பு, சுலபமாகப் போகும் இடம் நீலம். பாலத்தின் அஸ்திவாரத்துக்குக் கீழே மண் அரித்துப் பொந்து விழுந்திருந்தால் உள்ளே காற்று இருக்கும், ஆகவே சிவப்பு. களிமண் என்றால் நீலம். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வாயை இப்போது அறையலாம் போல இருக்கிறது.

ஆம்பூருக்கு அந்தப் பக்கம், பாலாற்றில் போய்ச் சேரும் ஒரு கானாற்றின் மேல் இருந்த குறுகலான பாலம் அது. மூன்றாவது தூணில் விரிசல் விட்டிருக்கிறது என்று ஊரார் புகார் கொடுக்க, சோதிக்க எங்களை அனுப்பினார்கள். பாலத்தில் பஸ் ஏறாது. ஷூ கம்பெனி பஸ் அக்கரையில் நிற்கும். ஊர்ப் பெண்கள் காலையில் நடந்து கடந்து போய் ஏறிக்கொள்வார்கள்.

காய்ந்த மணலில் கம்பி அடித்தால் மின்சாரம் சரியாக இறங்காது. அதனால் ஒவ்வொரு கம்பியடியிலும் உப்புத் தண்ணீர் ஊற்றுவோம். எந்த ஊருக்குப் போனாலும் ஜீப்பில் ஒரு கல்லுப்பு மூட்டை இருக்கும். அன்று அதை அவிழ்க்கவே இல்லை. ஒரு முழம் தோண்டினால் ஊறிய தண்ணீரே போதுமானதாக இருந்தது. "இங்க இன்னாத்துக்கு சார் உப்பு? ஆறே ஊறுகா ஜாடி" என்றார் டிரைவர். நானும் சிரித்தேன். நான் பிறந்து வளர்ந்ததே ஆம்பூரில்தான். தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கி இறங்கி, எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. உப்பு எனக்கு ஒரு செய்தியே இல்லை. வேலை சீக்கிரம் முடிகிறதே என்று சந்தோஷம்தான் வந்தது.

படத்தில் மூன்றாம் தூணுக்குக் கீழே அடர்ந்த நீலத் திட்டு ஒன்று தெரிந்தது. களிமண் என்று முடிவு செய்தேன். சந்தேகமிருந்தால் துளை போட்டுப் பார்ப்பதுதான் முறை. அதற்குத் துளை போடும் வண்டி வர வேண்டும், பாலத்தைச் சில நாள் மூட வேண்டும்.

நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் ஒரு அக்கா வேலை முடிந்து வரும் வழியில் மணலில் இறங்கி வந்தார். ஆற்றில் தண்ணீர் வரும்போதெல்லாம் அந்தத் தூணருகே சுழித்து உள்ளே போகிறது, எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்றார். மணல் என்றால் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும் என்று விளக்கினேன். பாலத்தை மூடிவிடுவீர்களா என்று அடுத்துக் கேட்டார். சுற்றுவழியில் போனால் பஸ் கிடைக்காது, நாலு நாள் வராவிட்டால் கம்பெனியில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள் என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. மூட வேண்டியதில்லை என்றேன்.

"அப்ப தைரியமா நடக்கலாமா சார்?"

"நடக்கலாம்கா. கீழ களிமண்ணுதான்."

ரிப்போர்ட்டிலும் களிமண் என்றே எழுதிக்கொடுத்தேன், துளை போடச் சொல்லவில்லை.

மழை பிடித்துக் கானாற்றில் வெள்ளம் வந்த காலையில், பெண்கள் கரையிலேயே தயங்கி நின்றிருக்கிறார்கள். மெஷின் வைத்துப் பார்த்த சாரே சொல்லியிருக்கிறார் என்று அந்த அக்கா முன்னால் நடந்திருக்கிறார். அவரை நம்பி, அவருக்குப் பக்கத்து மெஷினில் உட்காரும் ஒரு பெண் பின்னால் போயிருக்கிறாள். மூன்றாம் தூண் புதைந்து, மேல்தளம் உடைந்து விழுந்தது. அந்தப் பெண்ணின் உடலைப் பாலாற்றில் வெகுதூரம் தள்ளித்தான் எடுத்தார்கள். அக்காவின் வலது கால் நசுங்கிவிட்டது.

வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். தூணுக்கு அடியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து. உள்ளே காற்று இல்லை, விளிம்புவரை ஊற்றுத் தண்ணீர் நின்றது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. உப்புத் தண்ணீர் நிறைந்த பொந்தில் மின்சாரம் களிமண்ணில் போவதைப் போலவே சுலபமாகப் போகும். படத்தில் இரண்டும் ஒரே நீலம். இந்த ஊர்த் தண்ணீரைப் புதிதாகக் குடித்த வெளியூர்க்காரன் யாராவது வந்திருந்தால், இவ்வளவு உப்பா என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். உள்ளூர்க்காரனுக்கு யோசனை வரவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தார்கள். மெஷினை மிதித்த கால். திட்டுவார் என்றுதான் போனேன். அவர் திட்டவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னு நான் சொன்னேன். நான் சொன்னேன்னு அவ வந்தா" என்றார். பிறகு, "நான்தான் கூப்ட்டு சாவடிச்சேன்னு அவ அம்மா சொல்லினு இருக்குதாம். நீங்க ஒரு வாட்டி போய் சொல்லுங்க சார்" என்றார்.

சரியென்று தலையாட்டினேன். ஆபீசில், விசாரணை முடியும்வரை யாரிடமும் எதுவும் பேசக் கூடாது என்று சொல்லிவைத்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று அதைப் பிடித்துக்கொண்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை. அப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் தாங்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறந்த பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா வாசலில் இருந்தார். நான் யாரென்று சொன்னேன். பொந்து இருந்ததையும், அதை நான் களிமண் என்று எழுதிக்கொடுத்ததையும், நடக்கலாம் என்று என் வாயால் சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப எம் பொண்ண கூட்டினு போனவ மேல தப்பு இல்லியா?"

"இல்லம்மா. என் மேலதான்."

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து அவள கொண்டாந்த அன்னிக்கு, அவ வாசல்ல போய் மண்ண வாரித் தூத்திட்டு வந்தேனே சார். நாசமா போன்னு சொல்லிட்டு வந்தேனே. கால் இல்லாதவ, உள்ளார படுத்துகினு கேட்டுகினு இருந்தா. ஒரு வார்த்த பேசலியே."

என் காலடியில் மண் இருந்தது. அவர் குனிந்து அள்ளுவார் என்று நான் வாசலிலேயே நின்றேன். அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அக்கா வீட்டுப் பக்கமாக நடந்தார்.