கலப்பை தொடாத இடம்

வாலிகண்டபுரத்துக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு கரிசல் காடு இருக்கிறது. அதன் நடுவில், ஒரு பாயை விரித்த அளவுக்கு, வெகுநாள் ஒன்றும் முளைக்காமல் கிடந்தது. என் வீட்டுக்காரர் விழுந்த இடம் அது.

மக்காச்சோளக் குருத்தைப் படைப்புழு தின்றுகொண்டிருந்த வருஷம். பயிர் அவர் தலைக்கு மேல் நின்றது. காற்றுக்கு எதிரே மருந்தடிக்காதீர்கள், மூக்கில் துண்டையாவது கட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். உனக்கு வாய் ஓயாது என்று சிரித்துவிட்டுப் போனவர், முதுகில் மருந்தடிக்கிற கைப்பம்பு டேங்க்கோடு குப்புற விழுந்து கிடந்தார். மூடி கழன்று மருந்தெல்லாம் அவர் மேலும் மண்ணிலும் கொட்டியிருந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்கள் காட்டுக்குக் களையெடுக்க ஆள் வரவில்லை. உச்சி வெயிலில் டேங்க் அடிக்கிற சத்தம் கேட்கிறது என்றார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவர்களை விரட்டினேன். ஆனால் எனக்கும் கேட்டது. கிரீச், கிரீச் என்று, அவர் கை போட்டு அடிக்கிற அதே நிதானத்தில் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பயமாகவும் இருந்தது, கேட்க வேண்டும் போலவும் இருந்தது.

அடுத்துப் போட்ட மக்காச்சோளம் முழங்காலோடு மஞ்சளடித்து நின்றுவிட்டது. மண்ணைக் கிளறினால் ஓட்டுத் துண்டாகப் பெயர்ந்து வந்தது. ஒரு மண்புழு இல்லை. வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்த அம்மா ஒரு கட்டியைக் கையில் எடுத்து உதிர்க்கப் பார்த்தார், முடியவில்லை. கோடை மழைக்குச் சணப்பு, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு, கொள்ளு, கம்பு, எள் எல்லாவற்றையும் கலந்து விதைத்துவிடுங்கள், பூ எடுத்ததும் மண்ணுக்கு உரமாக அப்படியே மடக்கி உழுதுவிட்டு, பிறகு மக்காச்சோளம் போடுங்கள் என்றார். விதைக்கிறாளாம், அறுக்காமல் உழுகிறாளாம் என்று பக்கத்துக் காட்டில் சிரித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மடக்கி உழ வந்த டிராக்டர்காரத் தம்பி, அந்த இடம் வந்ததும் கலப்பையைத் தூக்கிக்கொண்டான். தாண்டிப்போய் மறுபடி இறக்கினான். அவன் பயம் அவனுக்கு. வருஷா வருஷம் அப்படித்தான் செய்தான். மருந்து கொட்டியதெல்லாம் எப்போதோ போயிருக்கும், உழாமல் விட்டதால்தான் இறுகிக் கிடக்கிறது, அங்கேயும் ஓட்டச் சொல்லுங்கள் என்று அந்த ஆபீஸ் அம்மா சொன்னார். சரிங்க என்றேன். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு வார்த்தை கூடப் பேசினால் ஒன்பது வார்த்தை பேசுகிறவள் நான். அந்தத் தம்பியிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மண் மாறத் தொடங்கியது. முதலில் வாசனை வந்தது. அப்புறம் காலடியில் பொதபொதவென்று இறங்கியது. மழை பெய்தால் தண்ணீர் ஓடாமல் உள்ளே போனது. உழும்போது கொக்குகள் டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்தன. களையெடுக்கிற பெண்களும் திரும்பி வந்தார்கள், சத்தத்தைப் பற்றி அவர்கள் பேச்சே எடுக்கவில்லை. எனக்கும் அது அபூர்வமாகத்தான் கேட்டது. நல்லது நடக்கிறது என்று ஊரே சொன்னது. எனக்கு மட்டும் திகிலாக இருந்தது. இந்த மண் அவரையும் செரித்துவிடும் என்று தோன்றியது. ஒருநாள் அந்த இடத்தின் ஓரத்தில் நாலைந்து சணப்புக் கன்று தலைநீட்டியதைப் பார்த்து, ஆத்திரத்தோடு பிடுங்கி எறிந்தேன். மண்ணுக்கு உரமாக விதைத்தவளே அதைக் களையாகப் பிடுங்கினேன்.

இந்த வருஷம் பங்குனி வெயிலில் கரிசல் வாய் பிளந்து, வெடிப்பு அந்த இடத்துக்குள்ளேயும் ஓடியிருந்தது. விதையை வீசிவிட்டு, மகளின் பிரசவத்துக்காக அரியலூர் போய்விட்டேன். பேத்தி பிறந்தாள். அங்கே இருந்தபோதே இங்கே நல்ல மழை. வீசிய விதை அந்த இடத்து வெடிப்புக்குள்ளும் விழுந்து முளைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் காடு முழுக்க நெஞ்சு உயரத்துக்குச் சணப்பு, ஒரே மஞ்சள் பூ.

உள்ளே இறங்கித் தேடினேன். வரப்பு வேம்பை அடையாளம் வைத்து நேராக நடந்தேன், காணவில்லை. மறுபடி வேம்படிக்கு வந்து இன்னொரு பக்கமாக நடந்தேன். தட்டைப்பயற்றுக் கொடி காலைச் சுற்றியது. குனிந்து செடிகளை விலக்கினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஈரமான, பொலபொலத்த மண். உச்சி வெயில் ஏறும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தேனீ இரைச்சல்தான் கேட்டது. ஏங்க, எங்கங்க இருக்கீங்க என்று வாய்விட்டே கேட்டேன்.

பூ முற்றினால் தண்டு நாராகிவிடும், மண்ணில் மக்காது. மறுநாள் டிராக்டர் வந்தது. அந்தத் தம்பி வரப்பில் வண்டியை நிறுத்தி, எழுந்து நின்று காட்டைப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு இறங்கி என்னிடம் வந்தான்.

"அக்கா, எல்லாம் மூடிக்கிச்சு. எந்த எடத்துலங்க தூக்கணும்?"

கையை நீட்டிக் காட்டலாம் என்றுதான் தூக்கினேன். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியவில்லை.

"எங்கயும் தூக்க வேண்டாம் தம்பி. நேரா ஓட்டு" என்றேன்.

வண்டி பூவுக்குள் இறங்கியது. அவர் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு அவர் எங்கே கிடக்கிறார் என்றாவது எனக்குத் தெரிந்திருந்தது.