மல்லிகா மேடம் ஒட்டிவைத்த சீட்டு

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அலுவலகத்தில் வழக்கம்போல் வட்டமாக நின்றிருந்தோம். மல்லிகா மேடம் வரவில்லை. நாங்கள் ஒரு நிமிடம் தாமதமானாலே சிடுசிடுப்பவர். எங்கள் குழுவில் இருக்கும் தனத்துக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்தது. கேட்டுவிட்டு, "மேடம் போயிட்டாங்களாம்" என்றாள். "எங்க?" என்றேன். அப்படித்தான் கேட்டேன், மடையன் மாதிரி. மாரடைப்பு. சனிக்கிழமை மாலை எங்களோடு டீ குடித்தவர். எப்படி நம்புவது?

மந்தாரக்குப்பத்தில் எங்கள் மாடி அலுவலகத்தை அறிந்தவர்களுக்கு அவரையும் தெரியும். சுரங்க வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேன்களுக்கு நேரப் பட்டியல் போடும் செயலிதான் எங்கள் பிழைப்பு. எங்கள் ஆறு பேருக்கும் அவர்தான் மேலாளர். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து முடிக்கும் அஜைல் முறைக்கு மாறி, தினமும் நின்றுகொண்டு பேச வேண்டும் என்றபோது முணுமுணுத்தோம். "எங்கப்பா மைன்ஸ்ல ஷிப்ட் மாறும்போது நின்னுகினுதான் பேசுவாரு. எது ஓடுது, எது நின்னுபோச்சு, அவ்ளோதான். கால் வலிச்சா சுருக்கமா பேசுங்க" என்றார்.

புதிய முறையில் அவர் வேலை ஏவக் கூடாது. ஒவ்வொரு வேலையையும் எழுதிப் பலகையில் ஒட்டிய சீட்டுகளிலிருந்து நாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். ஏவிப் பழகிய வாயை மூடிக்கொள்ள அவர் பட்ட பாடு இருக்கிறதே! வேன் நேரத்தை மாற்றும் கடினமான சீட்டை இரண்டு நாள் யாரும் தொடவில்லை. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் வீறாப்பாக நான் எடுத்தேன்.

சீக்கிரம் முடித்தேன் என்று காட்டிக்கொள்ள, சோதனைக்குப் பொறுப்பான தனம் பார்க்கும் முன்பே புதிய நேரத்தைச் செயலியில் ஏற்றிவிட்டேன். மறுநாள் குறிஞ்சிப்பாடியில் இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் வேனுக்காக வெயிலில் காத்திருந்து வீடு திரும்பினார்கள். மேடம் என்னையும் அழைத்துக்கொண்டு அவர்களிடம் போனார். "தப்பு எங்களுதுங்க" என்றார். "ஃபேனுக்கு அடியில உக்காந்துகினு எங்க வயித்துல அடிக்கிறீங்களேம்மா" என்று ஒருவர் கத்தினார். மேடம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாருன்னு கேக்கல. எப்படி நடந்துச்சுன்னு சொல்லுங்க, மறுபடி நடக்காம பாத்துக்கலாம்" என்றார் அடுத்த நாள் காலைக் கூட்டத்தில். நான் வாயைத் திறக்கவில்லை. 'வேன் ஏன் வரவில்லை?' என்று சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டினார். எட்டு மாதமாக அது அங்கேயே இருந்தது. பசை விட்டு விழும்போதெல்லாம் எடுத்து மறுபடி ஒட்டுவார், யார் முகத்தையும் பார்க்காமல். நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் நாளைக் கடத்தினேன்.

தகனம் முடிந்து திரும்பும் வழியில், சோதிக்காமல் ஏற்றியதைத் தனத்திடம் சொல்லிவிட்டேன்.

"மேடத்துக்குத் தெரியுங்க. நான் பாக்குறதுக்கு முன்னாடியே நீங்க ஏத்துனத அன்னிக்கே கம்ப்யூட்டர்ல பாத்துட்டாங்க. 'அவனே வந்து சொல்லட்டும் தனம், நாம கேட்டா பயந்துடுவான்'னாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இன்று காலை வட்டத்தில் அவர் இடத்தைக் காலியாக விட்டு நின்றோம். நான்தான் முதலில் பேசினேன். எப்படி நடந்தது என்று சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மேடம் எழுதிய அந்தச் சீட்டு இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. ஒருமுறை கூப்பிட்டு நாலு திட்டு திட்டியிருக்கக் கூடாதா மேடம்?