வெர்லின் குச்செரா டிவியில் சொன்னது

வெர்லினைப் போல வாய் திறக்காத மனிதனை எங்கள் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் காபிக் கடையில் ஜன்னலோரம் உட்காருவான். கோப்பையை லேசாகத் தள்ளினால் ஊற்று என்று அர்த்தம். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சோயா வயலும் ஒரு கிழட்டு நாயும்தான் அவனுக்குக் குடும்பம். தேவாலயத்தில் பாட்டுக்குக்கூட உதட்டை மட்டும்தான் அசைப்பான். அப்படிப்பட்டவன் மாநிலமே கேட்கும்படி ஒரே ஒரு தடவை பேசினான்.

எண்ணெய்க் குழாய்க் கம்பெனி ஒன்று, பொது நன்மை என்று சொல்லி அவன் வயலின் நடுவே நிலத்தை எடுத்துக்கொண்டது. வெர்லின் வழக்குப் போட்டான். அது மாநில உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தீர்ப்பு வந்த அன்று வக்கீல் ருஸ்கா போனில், "தோத்துட்டோம் வெர்லின், ஆனா..." என்றார். ஆனா என்ன என்று கேட்க இவன் நிற்கவில்லை. போனை வைத்தவன் அப்புறம் அவர் கூப்பிட்டால் எடுக்கவே இல்லை. கோபம் வந்தால் காது அடைத்துப்போகிற வம்சம் அது. அவன் அப்பாவும் அப்படித்தான்.

எங்கள் மாநிலத்தில் நீதிபதியை ஆளுநர்தான் நியமிப்பார். ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறை அந்த நீதிபதியின் பெயர் வாக்குச்சீட்டில் வரும்: தொடரட்டுமா, வேண்டாமா? எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் பெயரும் ஒன்றாக வராது, முறை வைத்து வரும். பாதிப் பேர் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்புவதே இல்லை. திருப்பினால் பெயர் கேட்க நன்றாயிருக்கிறதா என்று பார்த்துக் குறி போடுவோம். நானும் அந்தக் கூட்டம்தான், ஒளிப்பானேன்.

அந்த வருடம் மார்கிட் தோர்சன் என்ற நீதிபதி அம்மாவின் முறை. 'விவசாயிகளின் நண்பர்கள்' என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். வெர்லினை வயலில் நிறுத்தினார்கள். "இது எங்க தாத்தா உழுத மண்ணு. கோர்ட்டு தூக்கிக் குடுத்துருச்சு. அவங்களை வீட்டுக்கு அனுப்புங்க" என்றான். அவன் விட்ட கண்ணீர் நிஜம். கீழே தோர்சன் பெயரை அவர்கள் எழுத்தில் ஓடவிட்டார்கள். தோர்சன் தோற்றார். அன்று என் கடையில் எல்லோருக்கும் ஆப்பிள் பை இலவசம்.

அடுத்த வாரம் ருஸ்கா வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"யோவ், உனக்கு மூளை இருக்கா? ஏழு பேர்ல உன் பக்கம் நின்னது ரெண்டே பேரு. அதுல ஒருத்தரைத்தான் தொரத்தியிருக்க!"

"கோர்ட்டுதானே என்னைத் தோக்கடிச்சுது?" என்றான் வெர்லின்.

"கோர்ட்டுன்னா ஒரே ஆளா? இந்த நிலத்தை எடுக்கிறது அநியாயம்னு அந்தம்மா பக்கம் பக்கமா எழுதியிருக்காங்கய்யா. அதைச் சொல்லத்தான் உனக்கு மாஞ்சு மாஞ்சு போன் போட்டேன்."

"அப்ப படம் புடிச்சவங்க?"

"குழாய்க் கம்பெனிக்காரனோட ஆளுங்க. அவங்க தீர்ப்பைப் படிச்சாங்க. நீ படிக்கல."

வெர்லின் முகத்தில் ஈயாடவில்லை. இலவசமாக ஆப்பிள் பை கொடுத்த என் முகத்திலும்தான்.

மறுநாள் என்னிடம் ஒரு பெட்டி கொலாச்சி, அதான் பழம் வைத்த இனிப்பு பன், வாங்கிக்கொண்டு தோர்சன் வீட்டுக்கு வண்டியை ஓட்டிப் போனான். சாயங்காலம் பெட்டி பிரிக்காமலே திரும்பி வந்தது.

"என்னய்யா, வீட்ல இல்லையா?"

"இருந்தாங்க. தோட்டத்துல இலை கூட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் வண்டிய விட்டு எறங்கல, மார்லிஸ்."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. கல்யாணப் படத்தில் கட்டியிருந்த அதே டையைக் கட்டிக்கொண்டு போயிருந்தான்.

தோர்சன் இடத்துக்கு ஆளுநர் வேறொருவரை நியமித்தார். இரண்டு வருடம் கழித்து, வெர்லின் பக்கம் நின்ற அந்த இன்னொரு நீதிபதி பிக்கெட்டின் முறை வந்தது. டிவியைப் போட்டால் மறுபடி அதே வயல், அதே கண்ணீர். கீழே ஓடும் பெயர் மட்டும் மாறியிருந்தது. வெர்லின் ருஸ்காவிடம் ஓடினான். "அந்தப் படத்தை எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம்னு அன்னைக்கே அவங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கியே. நான் என்னத்தைப் பண்ண?" என்றார் அவர்.

பிறகு நடந்ததை நான் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். வெர்லின் வீடு வீடாகக் கதவைத் தட்டினான். "டிவில சொன்னது தப்பு. பிக்கெட் இருக்கட்டும்" என்று வேர்க்க வேர்க்கச் சொன்னான். திக்கினான். ஆனாலும் அடுத்த வீட்டுக்குப் போனான். பேசத் தெரியாதவன் பேசினால் கேட்கப் பொறுமை வேண்டும், அது எங்கள் ஊரில் கிடையாது. பாவம் மனசு ஒடிஞ்சு உளறுகிறான் என்றார்கள்.

தேர்தலுக்கு முந்தின நாள் களைத்துப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். தையல்கடை வில்மா அவனைப் பார்த்ததும் வந்து தோளில் தட்டினாள்.

"கவலையை விடு வெர்லின். நானும் என் தங்கச்சிங்களும் போன வாரமே தபால்ல ஓட்டுப் போட்டுட்டோம். நீ சொன்ன மாதிரியே வேண்டாம்னு போட்டோம். உனக்காகத்தான்."

வெர்லின் வாயைத் திறந்தான். அதற்குள் சுவரில் இருந்த டிவியில் அவனே பேச ஆரம்பித்திருந்தான்.